கோழிக்குக் காட்டாத கத்தி

குற்றத்தை ஒப்புக்கொள், சின்னத் தண்டப்பணத்தோடு போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். சட்டத்தரணி சொன்னார், என் மூத்த சகோதரர் காக்கா சொன்னார், கோட்டுப் பக்கமே போயிராத பக்கத்து வீட்டுக்காரிகூடச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். ஒப்புக்கொண்டால் வழக்கு முடியும், ஆனால் கத்தி அரசாங்கத்துக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது கத்தி.

அது என் கணவருடைய கத்தி. சுனாமியில் கடல் வந்து போன பிறகு எங்கள் வளவில் மிஞ்சியது அத்திவாரமும், இடிந்த குசினிச் சுவருக்கு அடியில் கிடந்த அந்தக் கத்தியும்தான். பிடி வழுக்குகிறது என்று நீல நைலோன் நூலால் அவரே இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார். அவருடைய படம் ஒன்றுகூட எனக்கு மிஞ்சவில்லை.

கூட்டாளிமாரோடு சாகாமம் குளத்துக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடுவதில் அவருக்குப் பைத்தியம். அரிசி, சட்டி பானை, உயிர்க்கோழி எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஊட்டில சோறில்லாமலா குளத்துக்குப் போறீங்க என்று நான் ஏசுவேன். அவர் இல்லாத பிறகு நானே போகத் தொடங்கினேன். எங்களுக்குக் கட்டித் தந்த புதிய வீட்டுத்திட்டத்தில் என்னைப் போல இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். கடல் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன எங்களில் ஒருத்திக்கும் மனமில்லை. குளத்துத் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். மாதம் ஒரு தடவை வேன் பிடித்துப் போவோம். அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாட்களைத் தள்ளினோம் என்று சொன்னால் பொய்யில்லை.

முதல் தடவை கோழியை வேன் சாரதி அறுத்தார். இரண்டாம் தடவை இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று நழுவிவிட்டார். அன்றிலிருந்து நான்தான். பெண் அறுப்பதை எங்கள் இஸ்லாம் மார்க்கம் தடுக்கவில்லை. ஊர் வாய்தான் தடுக்கும். அதனால் வெளியில் சொல்லாமல் இருந்தோம்.

அறுக்கப் போகும் உயிருக்குக் கத்தியைக் காட்டக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. கோழிகள் வேனில் எங்கள் காலடியில் கிடக்கும். ஆகவே கத்தியைப் பழைய துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் ஆழமாகப் புதைத்து வைப்பேன்.

யுத்தம் முடியப்போகும் காலம். சண்டை வடக்கில்தான் நடந்தது, ஆனால் எங்கள் வீதியில் சோதனைச் சாவடிகள் குறையவில்லை. ஒரு நாள் பெண் பொலிஸ் ஒருத்தி அரிசிக்குள் முழங்கை வரை விட்டுக் கத்தியை வெளியே எடுத்தாள். சிங்களத்தில் ஏதோ கேட்டாள்.

"ஏன் ஒளிச்சு வெச்ச எண்டு கேக்கிறா," என்றார் சாரதி.

"கோழி பாக்கப்படா எண்டு சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். அவள் சிரிக்கவில்லை, அப்படியே எழுதிக்கொண்டாள். இன்றைக்கு இது பகிடி. அன்றைக்கு அப்படி இல்லை. அந்த நாட்களில் ஓரமாக நில் என்று சொல்லப்பட்ட எல்லோரும் திரும்பி வந்து வாகனத்தில் ஏறியதில்லை. என்னைப் பிணையில் விட்டார்கள். கத்தி அவர்களிடமே இருந்துவிட்டது.

சட்டத்தரணி பொறுமையாக விளக்கினார். "கூர்முனைக் கத்திய நியாயமான காரணம் இல்லாம வெளியில கொண்டு திரியேலா. சமைக்கப் போனதெண்டா அது காரணம்தான். ஆனா ஏன் ஒளிச்ச, ஆர் அறுக்கிற எண்டெல்லாம் கேப்பாங்க. கூண்டில ஏறிச் சொல்லணும்."

காக்காவுக்கு அதுதான் பயம். "டிரைவர் அறுக்கிறதெண்டு சொல்லு. கோட்டுல ஊரே நிக்கும். நாளைக்கு ஒன்ட மகளுக்கு மாப்புள பாக்க வேணாமா?"

"பொய்ச் சத்தியம் செஞ்சு எடுக்கிற கத்தியால எப்புடி காக்கா அல்லாஹ்ட பேரால பிஸ்மி சொல்லி அறுக்கிற?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் கோபம், மகளை நினைத்துப் பயமும் இருந்தது. ஆனாலும் தவணைக்குத் தவணை கோட்டுக்குப் போனேன்.

மூன்றாம் தவணையில் அந்தப் பெண் பொலிஸ் சாட்சி சொன்னாள். பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"கோழியை அறுப்பது யார்?" என்று நீதவான் கேட்டார்.

"நான்தான் ஐயா."

பின்னால் சலசலத்தது. "ஏன், வீட்டில் ஆண்கள் இல்லையா?"

நான் வாய் திறக்க முன்பே பின்வரிசையில் இருந்த என் மூன்று கூட்டாளிகளும் எழுந்து நின்றார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

"எங்கட நாலு பேர்ட ஊட்டு ஆம்புளயளும் கடலோட போயிட்டாங்க ஐயா," என்றாள் அவர்களில் ஒருத்தி.

சலசலப்பு நின்றது. கத்தியை ஏன் ஒளித்தேன் என்று நீதவான் கேட்டார். "அறுக்கப் போற உயிருக்குக் கத்தியக் காட்டப்படா ஐயா. அது பயந்திரும்," என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னபோது, மடியில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பொலிஸ் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

விடுதலை கிடைத்தது. கத்தியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் நீதவான். இனி வெளியே கொண்டுபோவதானால் முனையை மழுக்கிவிடும்படி புத்தி சொன்னார். அறுப்பதற்குக் கத்தியின் கூர்வாய்தான் வேண்டும், முனை வேண்டாம். வீட்டுக்கு வந்து முதலில் பிடியைப் பார்த்தேன். நீல நூல் அவர் சுற்றியபடியே இருந்தது. அம்மிக்கல்லில் நானே முனையைத் தேய்த்தேன். காக்கா ஹஜ்ஜுப் பெருநாள் வரை என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த மாதமே குளத்துக்குக் கிளம்பினோம். அதே சாவடி, அதே பெண். இந்தத் தடவை அவள் கேட்க முன்பே நான் இறங்கிப் போய், துணியில் சுற்றிய கத்தியையும் கோட்டில் தந்த கடிதத்தையும் நீட்டினேன். கடிதத்தைப் படித்தாள். துணியைப் பிரிக்கப் போனவள் கையை நிறுத்தி வேனைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக இரண்டு கோழிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் வேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு துணியைப் பிரித்தாள். மழுங்கிய முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் நன்றாகச் சுற்றி, பிடிப் பக்கமாக என் கையில் தந்தாள். கோழிகள் ஒன்றையும் பார்க்கவில்லை.