விலைக்கு வாங்காத கேப்பை

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு நெடியும் லாரிப் புகையும் சேர்ந்து எனக்கு விடாமல் தும்மல் வருகிறது. ஒரு தானியக் கடை வாசலில் நிற்கும் பெண், "அண்ணா, உள்ள போய் எனக்குக் கொஞ்சம் கேப்பை வாங்கித் தரணும்" என்று பணத்தை நீட்டுகிறார்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியும். கூட்டமும் இல்லை. "நீங்களே வாங்கலாமே?"

"நாங்க மூணாறு மலையில இருக்கிற முதுவான் பழங்குடிங்க. எங்க குடியில கேப்பையைக் காசுக்கு வாங்கமாட்டோம். இல்லாதவங்க கேட்டா இருக்கிறவங்க குடுப்பாங்க."

"இப்ப யாரும் குடுக்கலையா?"

"யாருகிட்ட இருக்கு? வெள்ளைக்காரன் காட்டை வெட்டித் தேயிலை வச்சான். மிச்சக் காட்டுல விதைக்க ஃபாரஸ்ட்காரங்க விடல. ரேஷன் அரிசியே தின்னு வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கால் புண்ணோட எறணாகுளம் ஆசுபத்திரியில கிடக்காரு. டாக்டர் கேப்பை திங்கச் சொல்றாரு, என்னமோ புது மருந்து மாதிரி."

வாங்கி வந்து கொடுக்கிறேன். காசு அவருடையது, கை மட்டும் என்னுடையது. இதை அவர் விலைக்கு வாங்கியது என்பதா, நான் கொடுத்தது என்பதா? குழப்பமாக இருக்கிறது.

அவர் பையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைக்கிறார். "குடுத்தவங்களுக்கு ஒரு பிடி திருப்பித் தரணும்."

நான் எதுவும் கொடுக்கவில்லை என்று சொல்வதற்குள் படகுத்துறைப் பக்கம் போய்விடுகிறார்.

பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. மூடிய கையோடு நடுரோட்டில் நிற்கிறேன். திறந்தால் சிந்திவிடும்.