கை நனைக்காமல் போனவர்கள்

கடை திறப்பதற்கு முன்பே பொற்கொடியின் சாப்பாடு அன்னூரில் பேர் வாங்கிவிட்டது. மகள் சண்முகப்ரியா ஒரு நூல்மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் கொண்டுபோன அரிசிம்பருப்புச் சாதத்தைப் பக்கத்து மேசைக்காரி ஒரு நாள் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். மறுநாள் ரெண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஆறு மாதத்தில் மில், பேங்க், பள்ளிக்கூடம் என்று தினமும் எழுபது பார்சல் போனது. கொள்ளு ரசம் மட்டும் தனியாக வேண்டும் என்று தூக்குப்போசியைக் கொடுத்தனுப்பியவர்களும் உண்டு.

பொற்கொடி கோயமுத்தூரில் வரதராஜுலு என்கிற கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரிடம் பதினெட்டு வருடம் இருந்தவள். பாத்திரம் கழுவத்தான் போனாள். பிறகு காய் நறுக்கி, தேங்காய் துருவி, கடைசியில் அவள் பார்க்காமல் ரச அண்டாவை இறக்கக் கூடாது என்கிற அளவுக்கு வந்தாள். மண்டபத்துக்குப் பின்னால் புகைக்குள் நிற்கிறவள் எந்த ஊர், எந்தத் தெரு என்று பந்தியில் உட்கார்ந்த யாரும் கேட்டதில்லை. அதனால் அந்தப் பதினெட்டு வருடம் அவளுக்கு ஒரு தப்பான பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. நாக்கு ருசி கண்டுவிட்டால் மனுஷன் மற்றதையெல்லாம் மறந்துவிடுவான் என்று நம்பினாள், பாவம்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் டயர்க் கடையாக இருந்த ஒரு இடம் காலியாக இருந்தது. கட்டடம் அங்கப்பனுடையது. வாடகை பேசியதெல்லாம் சண்முகப்ரியாதான். முன்பணத்துக்குப் பொற்கொடியின் அக்கா பழனியாத்தாள் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். தக்காளிக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவள், அவளிடம் இருந்த தங்கமே அவ்வளவுதான். "காது இருந்தாப் போதும் கொடி, தோடு எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தாய்க்கும் மகளுக்கும் மூன்று மாதம் வாய் ஓயவில்லை. சாயங்காலம் புரோட்டா போடலாம் என்றாள் மகள். அதெல்லாம் போடுகிறவன் ரோடு நெடுக இருக்கிறான், காலையில் சந்தகை, மதியம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் பணியாரம் என்றாள் தாய். லைசென்ஸுக்கு அலைந்தார்கள். புகைபோக்கி வைத்தார்கள். டயர் வாசம் போக நாலு தடவை தரையைக் கழுவினார்கள். சண்முகப்ரியா 'ப்ரியா மெஸ்' என்று பெயர் வைக்கலாம் என்றபோது பொற்கொடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத்தன வருசமா எவனோ பேருக்குச் சமைச்சுப்போட்டேன் அம்மணி. இது என்ற பேருல இருக்கட்டும்."

பொற்கொடி மெஸ் என்றே போர்டு எழுதியாயிற்று. தப்பு அங்கே நடக்கவில்லை, பத்திரிகை அடித்த இடத்தில்தான் நடந்தது.

போனில் எல்லோருக்கும் ஒரு படம் அனுப்பினால் போதும் என்றாள் மகள். பொற்கொடி கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்க் கூப்பிடாவிட்டால் அது என்ன மரியாதை? அச்சாபீஸில் உட்கார்ந்து அவளே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கடைசியில், அழைக்கிறவர்கள் பெயருக்குக் கீழே, 'மேற்கு காலனி, நல்லக்காட்டுப்புதூர்' என்று போடச் சொன்னாள்.

"ஊரு மட்டும் போதும்மா. காலனி எதுக்கு?" என்றாள் சண்முகப்ரியா.

"ஏன், நாம அங்கதான இருக்கறோம்?"

மகள் இத்தனை மாதமாக யார் எந்த ஊர் என்று கேட்டாலும் 'அன்னூர்ப் பக்கமுங்க' என்று சொல்லி நழுவியிருக்கிறாள். அதை எப்படி அம்மாவிடம் சொல்வாள்? எங்கள் பக்கத்தில் காலனி என்று அச்சடித்தால் சாதியை அச்சடித்த மாதிரிதான். அது பொற்கொடிக்கும் தெரியும். தெரிந்தும் போட்டாள். எழுபது பேர் தினமும் தின்கிற சோற்றுக்கு இனிமேல் ஒளிவு மறைவு எதற்கு என்று நினைத்துவிட்டாள்.

தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு இருநூறு பேரைப் போய்க் கூப்பிட்டாள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. பத்திரிகையை வாங்கி, முதலில் கடைசி வரியைப் படித்து, பிறகு மேலே பார்த்தார்கள். "கண்டிப்பா வந்தர்றோமுங்க" என்றார்கள்.

வந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, அங்கப்பன் குத்துவிளக்கு ஏற்ற, கடை திறந்தது. பதினோரு சுவர்க்கடிகாரமும் ஏழு சாமி படமும் வந்தன. முந்நூறு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம், அவரைக்காய்ப் பொரியல், கருப்பட்டிப் பாயசம். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொருவரிடமும் போய்க் கையைக் கூப்பினாள்.

"இப்பத்தானுங்க சாப்புட்டுப்போட்டு வந்தேன்."

"சக்கரை இருக்குதுங்க, டாக்டர் வெளிய சாப்புடக் கூடாதுன்னுட்டாரு."

"விரதமுங்கக்கா, இன்னொரு நாளைக்கு வாரேன்."

அன்றைக்கு அன்னூரில் திடீரென்று முளைத்த சர்க்கரை நோயாளிகளை எண்ணியிருந்தால் டாக்டர்களே பயந்துபோயிருப்பார்கள். விரதம் என்று சொன்னவள் முந்தாநாள்தான் போன் போட்டு ரெண்டு தூக்கு ரசம் வாங்கியவள். அவளிடம் ஒரு வாய் பாயசமாவது குடியுங்கள் என்று பொற்கொடி தம்ளரை நீட்டினாள். "இருக்கட்டுங்க" என்று அவ்வளவு இதமாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பொற்கொடியின் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது.

கட்டட வேலைக்கு வந்திருந்த வடக்கத்தி ஆட்கள் நாலு பேர் மட்டும் உட்கார்ந்து வயிறாரத் தின்றார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு மேல்தான், எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டத்தைப் பொற்கொடி கவனித்தாள். அவளுடைய காலனிச் சனம். முப்பது பேர் இருப்பார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல நல்ல துணி உடுத்தி, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பழனியாத்தாள். பொற்கொடி ரோட்டைத் தாண்டி ஓடினாள்.

"ஏனக்கா, உள்ள வராம இங்க நிக்கறீங்க?"

"நீ போ கொடி. பெரியவீங்கெல்லாம் உண்டு முடிக்கட்டும். நாங்க மொதல்ல உக்காந்துட்டா அவீங்க படியேற மாட்டாங்க. உன்ற யாவாரம் கெட்டுப்போயிரும்."

பத்து மணிக்கு வந்தவர்களாம். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டரை மணி நேரமாகப் பசியோடு நின்றிருந்தார்கள். பொற்கொடி அங்கேயே, ரோட்டோரத்தில், வாய்விட்டு அழுதாள். அன்று பொழுதோட அண்டாக்களை டெம்போவில் ஏற்றிக் காலனிக்கே கொண்டுபோனார்கள்.

அடுத்த பத்து நாளில் எழுபது பார்சல் ஒன்பதாயிற்று. எல்லாம் மரியாதையோடுதான் நின்றது. ஆபீஸில் கேன்டீன் வந்துவிட்டதுங்க, வீட்டில் மாமியார் வந்திருக்கிறாங்க, வயிறு சரியில்லீங்க. சாதி என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. ஒருத்தன் கெட்ட வார்த்தை பேசியிருந்தால்கூட ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம், நாலு பேர் சேர்ந்து கொடி பிடித்திருக்கலாம். 'இருக்கட்டுங்க' என்று சொன்னவன் மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

ஐந்தாவது வாரம் அங்கப்பன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அப்படி ஒரு கெட்ட மனிதர் இந்தக் கதையில் இருந்திருந்தால் எனக்கும் சொல்வதற்கு எளிதாக இருந்திருக்கும். கூச்சத்தோடு ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நான் சொல்றதத் தப்பா எடுத்துக்கப்படாது. உங்க கைப்பக்குவம் இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தருக்கும் வராதுங்க. என்ற அக்கா பையன் கிருபாசங்கர் சும்மாதான் இருக்கறான். கல்லாவுல அவன் உக்காரட்டும். போர்டை மாத்திப்போடலாம். நீங்க உள்ளயே இருந்து சமைங்க. சமையக்கட்டுக்கு ஒரு கதவு மட்டும் போட்டுக்கலாமுங்க."

"நீங்க என்ற கைச் சோறு உண்டிருக்கறீங்களா?" என்று பொற்கொடி கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். "பார்சல்ல சாப்புட்டிருக்கறனுங்க. அப்ப."

சண்முகப்ரியா கொதித்தாள். கடையை இன்றைக்கே இழுத்து மூடலாம் என்றாள். "பேரையுங் குடுத்து மூஞ்சியையும் மறச்சுக்கிட்டா நமக்கு என்னம்மா மிச்சம்?"

"சோறு மிச்சமாகாது அம்மணி."

முப்பது பேர் வெயிலில் நின்றதற்கும் அக்காவின் மூளிக் காதுக்கும் ஒரு பதில் வேண்டுமே என்றுதான் பொற்கொடி ஒத்துக்கொண்டாள். கடை ஓடினால் போதும், பெயரை ஒரு நாள் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மகள் அந்த வாரமே திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

போர்டு 'ஸ்ரீ கிருபா மெஸ்' ஆயிற்று. சமையல்கட்டுக்குக் கதவு வந்தது. யார் சமையல் என்று கேட்டவர்களிடம் கிருபாசங்கர் பாலக்காட்டிலிருந்து மாஸ்டர் வந்திருக்கிறார் என்று அளந்துவிட்டான். ஒரே மாதத்தில் இலை போட இடமில்லை. பேங்க்காரர்கள் வந்தார்கள், மில்காரர்கள் வந்தார்கள். சர்க்கரை எல்லோருக்கும் குணமாகிவிட்டது. விரதக்காரி ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "முன்ன இருந்தவீங்கள விட மாஸ்டரு கை நல்லாருக்குதுங்க" என்றாள். கதவுக்குப் பின்னால் பொற்கொடிக்கு அது கேட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தை மாதம் ஒரு மதியம், கூட்டம் நெருக்கியடிக்கிற நேரத்தில், பழனியாத்தாள் வந்தாள். கடை ஓடுகிறது, பெரியவீங்கெல்லாம் உண்கிறார்கள் என்று காலனியில் பேச்சு. இனிமேல் தங்கச்சி வியாபாரம் கெட்டுப்போகாது என்று நம்பி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வந்து, ரெண்டாவது மேசையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து மேசையில் இருந்தவர் அவள் கூலிக்குப் போகிற தக்காளிக் காட்டுக்காரர். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

கதவிடுக்கில் பொற்கொடி பார்த்தாள். 'என்ற தங்கச்சி கடை' என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு ஊருக்கே மறுபடி சர்க்கரை வந்துவிடும். மேசை துடைக்கிறவளைப் போலத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"இங்கெல்லாம் உக்காரக் கூடாது. பின்னால வா" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

இந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான். பழனியாத்தாள் ஒரு கணம் தங்கச்சி முகத்தைப் பார்த்தாள். எழுந்து, வந்த வழியே வெளியே போய், சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். தக்காளிக் காட்டுக்காரர் மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

பின்வாசல் படியில் இலை போட்டுப் பொற்கொடி பரிமாறினாள். அக்கா திட்டுவாள், எழுந்து போய்விடுவாள், இலையைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தாள். பழனியாத்தாள் எதுவும் செய்யவில்லை. நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் உண்டாள். ரசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். அவள் முகத்தில் கோபமோ வருத்தமோ துளிகூட இல்லை. பொற்கொடியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நல்ல கூட்டம் கொடி. எனக்கு மனசு நெறஞ்சுது" என்று சொல்லிக் கையைக் கழுவினாள் பழனியாத்தாள். "நம்ம சனத்துக்கிட்டயும் சொல்லிப்போடறேன். யாரு வந்தாலும் இக்கட்டால, பின்வாசல்லயே வரட்டும்."

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டு, "செரிக்கா" என்றாள்.