பதினொன்று பத்து

ஜன்னலுக்குத் திரை மாட்டுவது மனைவியின் வேலை. அவள் ஏறி நிற்கும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நூலின் வேலை. கால்பந்து மைதானத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கோடு போடுகிற மனிதரை எல்லோரும் நூல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போடும் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பது ஒரு காரணம். ஆளும் அந்த அகலம்தான் என்பது மைத்துனன் சொல்லும் காரணம்.

மனைவி கம்பியை மாட்டித் துணியை இறக்கிவிட்டாள். புதுத் துணி, நீலத்தில் வெள்ளைப் பூ. அது ஜன்னல் முடிகிற இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அடியில் ஒரு கை அகலத்துக்கு வெயில் உள்ளே வந்து விழுந்தது.

"என்னங்க, ஜன்னல் வளந்துடுச்சா?"

"தையல்காரர் கொறச்சிருப்பாரு."

"அவர் தலையில கட்டாதீங்க. நீங்க எழுதிக் குடுத்த சீட்டு இந்தா இருக்கு. நூத்தி நாப்பது. துணியும் நூத்தி நாப்பது."

நூல் அலமாரியிலிருந்து புது டேப்பை எடுத்துவந்து ஜன்னலை மறுபடி அளந்தார். நூற்றைம்பது. இன்னொரு தடவை அளந்தார். ஜன்னல் மனம் மாறவில்லை. முக்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ" என்றார். அது ஜன்னலுக்காகச் சொன்ன ஐயோ இல்லை என்று மனைவிக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். எந்தச் சத்தம் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குக் கணக்குண்டு.

விஷயம் இதுதான். நூல் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, புல் வெட்டும் இயந்திரம் அவருடைய அளவு டேப்பின் நுனியை மென்று தின்றுவிட்டது. சரியாகப் பத்து சென்டிமீட்டர். வேறு டேப் கேட்டு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. அதனால் அந்த டேப்பிலேயே வண்டியை ஓட்டினார். டேப் பத்தில்தான் தொடங்கும். ஆகவே எதையாவது அளந்தால் பத்தைக் கழிக்க வேண்டும், தரையில் குறி வைத்தால் பத்தைக் கூட்ட வேண்டும். முதல் மாதம் யோசித்துச் செய்தார். அப்புறம் கையே செய்துகொண்டது. மகள் வளர்ந்த உயரம், குளிர்பெட்டி வாசலில் நுழையுமா என்ற சந்தேகம், எல்லாம் அந்த டேப்பில்தான் அளந்தது. ஒருநாளும் தப்பியதில்லை.

இப்போது இருபது வயதுக்குட்பட்ட ஆண்களின் நாட்டு அணிகள் மோதும் போட்டி அவர்கள் மைதானத்துக்கு வந்திருந்தது. பதினாறு நாடு. எல்லாமே புதிதாக வந்தன: வலை, கொடி, சுண்ணாம்பு வண்டி, தோல் உறையில் மஞ்சள் டேப். நுனி முழுசாக இருந்த டேப். பெருமை தாங்காமல் அதை வீட்டுக்கு எடுத்துவந்து காட்டினார். வந்ததுதான் வந்தது, ஜன்னலை அளங்க என்றாள் மனைவி. அளந்தார். கை, பழக்கப்படி, பத்தைக் கழித்தது.

"அதுக்கென்ன, கீழ ஒரு ஒட்டுத்துணி வச்சுத் தெச்சுக்கலாம்" என்றாள்.

"இதுக்கு ஒட்டு வைக்கலாம். நேத்துக் காலையில வடக்கு கோலுக்கு முன்னால புதுப்புல் பதிச்சோமில்ல? பெனால்டி புள்ளிய இதே டேப்பாலதான் குறிச்சேன்."

மற்ற கோடுகளெல்லாம் முடிச்சுப் போட்ட கயிற்றால் போடுவது. அதில் தப்பு வராது. புள்ளி ஒன்றுதான் டேப். கோல் கோட்டிலிருந்து பதினொரு மீட்டர். கை பத்தைக் கூட்டியிருக்கும்.

நேற்று மாலை கால் இறுதி. பச்சை அணியும் மஞ்சள் அணியும் சமநிலையில் முடித்து, அந்த வடக்குப் பக்கத்தில்தான் பெனால்டி அடித்தார்கள். அணிக்கு ஐந்து பேர். ஒன்பது உள்ளே போனது. கடைசியாக வந்த பச்சை அணியின் பதினாலாம் எண் பையன் அடித்தது மேல்கம்பியில் பட்டு வெளியே போனது. பையன் அந்தப் புள்ளியிலேயே குப்புறப் படுத்துவிட்டான். ஒரே ஒரு பந்தில் பச்சை அணி போட்டியை விட்டே வெளியே.

சாப்பாட்டு நேரத்துக்கு மைத்துனன் வந்தான். கோல் கம்பங்களில் வலை கட்டுவது அவன் வேலை. சேதியைக் கேட்டதும் தட்டைத் தள்ளிவைத்து, கரண்டியை இரண்டு டம்ளர்களுக்கு மேல் குறுக்கே வைத்து, ஒரு வெங்காயத்தைப் பந்தாக்கினான்.

"பந்து ஏறிக்கிட்டே போகுது மச்சான். பத்து சென்டிமீட்டர் கிட்ட இருந்து கெளம்பியிருந்தா கம்பிக்கு வரும்போது கொஞ்சம் கீழதான் இருந்திருக்கும். கம்பியில பட்டு உள்ள விழுந்திருக்கும்."

"நீ எப்படா வாத்தியாரான?" என்றாள் அவன் அக்கா. "அந்தப் பையன் அடிச்ச அடி வானத்துக்கு. வெங்காயத்தக் கீழ வை."

"சரி, விடு. மச்சான், யாருக்குத் தெரியும்? போய்ப் புள்ளிய நகத்தி வச்சுட்டு வாய மூடிக்குங்க. ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நீங்கதான் கோடு போடுறீங்க. கைக்கு வந்ததக் காலால ஒதைப்பீங்களா?"

அதுதான் சிக்கல். இறுதி ஆட்டத்துக்குக் கோடு போட வெளியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. மைதான அதிகாரியம்மாதான் மல்லுக்கட்டி நூலின் பெயரைப் பட்டியலில் ஏற்றினார். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட ஆட்டத்துக்கும் அலுவலக ஆட்டத்துக்கும் போட்ட கோட்டை ஞாயிற்றுக்கிழமை நாடு நாடாக டிவியில் பார்க்கப்போகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள், கூட வேலை செய்கிறவர்களைக்கூட உட்காரவைப்பேன் என்றிருந்தாள்.

நூல் மனைவியைப் பார்த்தார். அவளும் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எலும்பு முறிந்து படுத்திருப்பவர்களுக்குக்கூட விஷயம் தெரியும்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள். "புண்ணை மூடி வச்சா சீழ்தான் பிடிக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அக்கா, அந்தப் பச்சை அணிக்காரங்க பாஷை மச்சானுக்குத் தெரியுமா? என்னன்னு சொல்லுவாரு?"

"டேப்பக் காட்டினாப் போதும்" என்றார் நூல். "பதினொன்னு எல்லா ஊர்லயும் பதினொன்னுதான்."

பச்சை அணி மூன்று மணிக்குக் கிளம்புகிறது என்று மைத்துனனுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய மூட்டைகள் இன்னும் மைதானத்தில்தான் கிடந்தன. இருவரும் சைக்கிளில் போனார்கள். மைத்துனன் கோல் கோட்டில் டேப்பின் நுனியைப் பிடித்தான். நூல் புள்ளிவரை இழுத்துப் போய்க் குனிந்து பார்த்தார். பதினொன்று பத்து. அப்பழுக்கில்லாத பதினொன்று பத்து. தப்பைக்கூட நூல் பிடித்த மாதிரிதான் செய்திருந்தார்.

அதிகாரியம்மா தன் அறையில் மூன்று போனுக்கு நடுவே அனுமதி அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூலைவிடப் பத்து வயது சின்னவர். நின்றபடியே கேட்டு முடித்தவர், கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரிக்கு. அவ தம்பிக்கு."

"நல்லது. புள்ளிய மாத்திட்டீங்களா?"

"இல்ல மேடம். நீங்க வந்து பாத்துடணும்னு அப்படியே விட்டிருக்கேன்."

"நான் எதுக்குப் பாக்கணும்? பாத்தா எனக்கும் தெரிஞ்சதாயிடும்ல? போய் மாத்திட்டுப் பேசாம இருங்க. பத்துப் பேரும் ஒரே புள்ளியிலதானே அடிச்சாங்க. யாருக்கும் ஓரவஞ்சனை இல்லையே."

"ஒன்பது பேரப் பத்தி எனக்குக் கவலையில்ல மேடம். பத்தாவது பையன் தன் கால்லதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு ஊருக்குப் போவான்."

"அவன் கால்லயே கோளாறு இருந்தா?"

"இருக்கலாம். ஆனா என் புள்ளியிலயும் இருந்துச்சே. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்."

அதிகாரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவருக்கே சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னா அவங்க மேனேஜர் உடனே புகார் எழுதிக் குடுப்பாரு. நான் மேல பதில் சொல்லணும். அதோட உங்க பேரு பட்டியல்ல இருக்காது. நானே நெனச்சாலும் வைக்க முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"நீங்க சொல்றதால ஆட்டத்தத் திருப்பி நடத்தப்போறதில்ல. அதுவும் புரியுதா?"

"அதுவும் புரியுது."

வெளியே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மைத்துனன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மச்சான், மூட்டைய ஏத்துறாங்க" என்று சொல்லிவிட்டு, அதிகாரியம்மாவைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டான்.

நூல் மேசைமேல் வைத்திருந்த தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரியம்மா. "நானாக் கேக்குறேன், அதிகாரியாக் கேக்கல. ஞாயித்துக்கிழமை கோடு போட உங்களுக்கு ஆசையே இல்லையா?"

அதற்குள் நூல் கதவைத் திறந்து வெளியே போய், பச்சை அணியின் அறை இருக்கும் பக்கமாகத் திரும்பிவிட்டிருந்தார்.