புள்ள புடிக்கிறவன்

பெரம்பலூரில் நான் ஆங்கிலம் நடத்தும் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாடத்துக்காகத் தவம் கிடப்பார்கள். கிராப், ஸ்நாட்ச், ரெஸ்ட், சீஸ் என்று பறிப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் வார்த்தைகள். இதையெல்லாம் நான் வாயால் நடத்துவதில்லை. அசந்த நேரத்தில் ஒருவன் பேனாவை வெடுக்கென்று பிடுங்குவேன், அது ஸ்நாட்ச். விடமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருப்பவன் கையைத் திருகிப் பறிப்பேன், அது ரெஸ்ட். போலீஸ்காரர் சட்டத்தைச் சொல்லி எடுத்துக்கொண்டு போனால் சீஸ். எல்லாவற்றுக்கும் "எடுத்தான்" என்றே எழுதுகிற சோம்பேறிக்கு மார்க் கிடையாது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என் மகளை அவன் இழுத்தபோது இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. மாடு கத்துகிற மாதிரி கத்தினேன்.

அவன் என் புருஷன். குக்கர் மூடியால் என் நெற்றியைப் பிளந்த மறுநாளே மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலத்தியூர் வீட்டை விட்டு வந்துவிட்டேன். அன்றைக்குத் திருமானூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். பின்னாலிருந்து வந்தான். அவன் தம்பி பைக்கை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளையின் ஒரு கை அவனிடம், ஒரு கை என்னிடம். முழங்கையால் என் வாயில் குத்தினான். உதடு கிழிந்தது. நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் உப்புக் கரித்தது. இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கடித்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

"என்னங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று அலறினேன்.

"குடும்பச் சண்டை போலருக்கு, நமக்கெதுக்கு?" என்று பூக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை கடத்துகிறவர்கள் ஊருக்குள் இறங்கிவிட்டார்கள் என்று எல்லோர் வாட்ஸ்அப்பிலும் புரளி ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. "புள்ள புடிக்கிறவன்! ஐயோ, புள்ள புடிக்கிறவன்!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டே பாய்ந்தது. ஹெல்மெட்டால் ஒருவன் அவன் முகத்தில் அடித்தான். ஜூஸ் கடைக்காரர் முழுக் கரும்பை உருவிக்கொண்டு வந்து முதுகில் முறித்தார். பிள்ளை என் இடுப்புக்கு வந்துவிட்டது. தம்பிக்காரன் பைக்கோடு மாயமானான். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று எவனோ என் கைப்பையையும் அடித்துக்கொண்டு போனான்.

"நான் அப்பன்யா! அப்பன்யா!" என்று அவன் தரையில் உருண்டான்.

"திருட்டுப் பய எல்லாம் இதத்தான்டா சொல்றான்!" என்று வயிற்றில் மிதித்தார்கள். காதிலிருந்து ரத்தம் வந்தது. சாகட்டும் என்றுதான் நின்றேன். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போது என் இடுப்பிலிருந்து பிள்ளை வீரிட்டது. "அப்பாவ அடிக்காதீங்க!"

ஓங்கின பாதிக் கரும்பு நின்றது. வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவன் இந்தப் புள்ளைக்கு அப்பனா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே அவனை முடித்திருப்பார்கள். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றேன்.

கூட்டத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. அத்தனை இரக்கமும் அவன்மேல் கொட்டியது. சோடா வந்தது. துண்டை நனைத்து ரத்தம் துடைத்தார்கள். "தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சுக்கங்க தம்பி" என்றார் ஜூஸ் கடைக்காரர். எனக்குக் கிடைத்தது வேறு. "படிச்ச பொம்பள மாதிரி இருக்க. கட்டுன புருசன அடிச்சுக் கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா?"

பெரியவர் இரண்டு கைகளையும் நீட்டினார். "புள்ளய இப்படிக் குடும்மா. அப்பன் மடியில கொஞ்ச நேரம் இருக்கட்டும்." இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்திருந்தார்கள். யாரும் இழுக்கவில்லை, யாரும் திருகவில்லை. என் கையிலிருந்து அவர் பூப்போல வாங்கினார். தம்பிக்காரன் பைக்கோடு திரும்பி வந்தான். பிள்ளையோடு அவன் ஏறிக்கொண்டான். கூட்டமே வழிவிட்டது. "அம்மா" என்று கத்திக்கொண்டே போனாள் என் மகள்.

கேஸ் இன்னும் நடக்கிறது. பிள்ளை அவனிடம்தான் இருக்கிறாள். ஜூஸ் கடைக்காரர், பூக்காரம்மா, அந்தப் பெரியவர் என்று போலீஸ் விசாரித்த எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

"யாரும் புடுங்கலைங்க ஐயா. அம்மாவே குடுத்துட்டாங்க."