மஞ்சளாய் எரிந்த உப்பு

அன்றைக்குக் காலை ஷிப்டில் இருந்தவர்கள் இவர்கள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் என் மனைவி. அடுத்ததில் ரிட்டயர் ஆன வாத்தியார், இடைநிலைப்பள்ளியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவர். அதற்கடுத்து பாசாரில் மீன் விற்ற சீன அங்கிள், ஊசி ஏறியதும் தூங்கிவிடுவார். மூலையில் ஒரு மலாய்க்கார அம்மா. மிஷினுக்கு மிஷின் நடந்துகொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸி, நம்ம தமிழ்ப் பெண். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். எனக்கு நோய் இல்லை. லோரி ஓட்டினவன். அவளைக் கொண்டுவந்து கொண்டுபோவதுதான் அப்போது என் வேலை.

கிள்ளானில் ஒரு கடைவரிசைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த டயாலிசிஸ் சென்டர். கிட்னி போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வருவார்கள். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போகும். மிஷின் கழுவும். இன்னொரு குழாயில் உள்ளே வரும். நான்கு மணி நேரம். இது குணமாக்குகிற வைத்தியம் இல்லை. அடுத்த முறை வரை தாங்க வைக்கும், அவ்வளவுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மிஸ்ஸி அந்த மாத ரத்தப் பரிசோதனையோடு வந்து என் மனைவி முன்னால் நின்றாள்.

"ஆன்டி, பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு. போன மாசம் அஞ்சு புள்ளி ஆறு. என்ன சாப்பிட்டீங்க? மறைக்காம சொல்லுங்க."

"ஒண்ணும் சாப்பிடல மிஸ்ஸி."

"வாழைப்பழம்?"

"அத தொட்டே வருசமாச்சு."

"எளநி?"

"பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்கிறேன்."

"கீரை?"

"ரெண்டு தரம் வேகவெச்சு தண்ணிய கொட்டிட்டுத்தான். துணிய திங்கிற மாதிரி இருக்கு."

வாத்தியார் சிரித்தார். "மிஸ்ஸி, நீங்க போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்."

"சிரிங்க சார். உங்க ரிசல்ட்டும் என் கையிலதான் இருக்கு."

மிஸ்ஸி குனிந்து என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாள். "ஏழு தாண்டினா ஹார்ட் எப்ப வேணா நிக்கும் ஆன்டி. பயமுறுத்தல."

மனைவி தலையாட்டினாள். பிறகு, "புது உப்புதான் ஒரு மாதிரி கசக்குது," என்றாள்.

யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. டயாலிசிஸ்காரர்களுக்கு எல்லாமே கசக்கும். சோறு கசக்கும், வாயில் ஆணி வைத்த மாதிரி இருக்கும். மிஸ்ஸி, "உப்ப இன்னும் கொறைங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். வாத்தியார் மட்டும் தலையைத் திருப்பினார்.

"எந்த உப்பும்மா?"

"மக பார்மசில வாங்கிட்டு வந்தா சார். ஒடம்புக்கு நல்லதாம். டப்பால இதயம் படம் போட்டிருந்துச்சு."

"டப்பா எங்க?"

"ஜாடில கொட்டிட்டு வீசிட்டேன்."

எங்கள் மாடி வீட்டில் உப்பு ஜாடி காலியாகக் கூடாது. காலியானால் வீட்டுக்கு ஆகாது என்பாள். அடியில் பழைய உப்பு இருக்கும்போதே மேலே புதுசைக் கொட்டிக் கரண்டியால் கிளறி வைப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

மகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் ஷா ஆலாமில் பாக்டரி வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

"வீடு கிட்டத்தானே அண்ணே," என்றார் வாத்தியார். "கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. என்ன உப்புன்னு பாத்துருவோம்."

போனேன். பேப்பரில் பொட்டலம் கட்டி எடுத்து வந்தேன். அவர் விரித்துப் பார்த்தார். ஊசி குத்தாத கையால் கிளறினார்.

"வெள்ளையாத்தானே இருக்கு," என்றேன்.

"சோடியம் உப்பும் வெள்ளை, பொட்டாசியம் உப்பும் வெள்ளை. ரெண்டும் தண்ணில கரையும். அடுப்புல வெச்சா சட்டி உருகினாலும் உப்பு உருகாது. காஞ்ச உப்புக் கல்லுல கரண்ட் போகாது, கரைச்சா போகும். ரெண்டும் ஒரே குணம். கண்ணால பிரிக்க முடியாது."

மிஷினைக் காட்டினார். "இது உப்புத் தண்ணில கரண்ட் விட்டுப் பாக்குது. எவ்வளவு உப்புன்னு சொல்லும். எந்த உப்புன்னு சொல்லாது. அதுக்கு நெருப்பு வேணும்."

ஊசி கழற்றினதும் மனைவி, வாத்தியார், நான் மூன்று பேரும் கீழே இருந்த மாமாக் ரொட்டிக் கடைக்கு இறங்கினோம். ரொட்டி போடுகிறவர் அடுப்பிலிருந்து ரொட்டிக் கல்லை நகர்த்த மாட்டேன் என்றார்.

"ஒரு நிமிசம் பாஸ். பெரிய விசயம்."

"என்ன சார், என் அடுப்புல ஹோமமா?"

"ஆமா லா. தட்சணை நீங்கதான் குடுக்கணும்."

கல் நகர்ந்தது. வாத்தியார் கரண்டிக் காம்பைத் தண்ணீரில் நனைத்து, உப்பில் தொட்டு, நீல நெருப்பில் நீட்டினார். நெருப்பு மஞ்சளாக எழும்பியது. ரோட்டு விளக்கு மாதிரி நல்ல மஞ்சள். இன்னொரு தரம் காட்டினார். அதே மஞ்சள்.

"பாருங்க. மஞ்சள்னா சோடியம். பொட்டாசியமா இருந்தா கத்தரிப்பூ கலர் வரும். இதுல இல்ல. சாதா உப்புதாம்மா."

"அப்ப கசக்குதே?"

"நாக்கு போச்சும்மா நமக்கு. எனக்கு இவர் போடுற தேத்தண்ணியே கசக்குது."

"என் தேத்தண்ணிய ஏன் சார் இழுக்கிறீங்க? கடை நடத்த வேணாமா நான்?"

மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உப்புப் பேச்சு அத்தோடு முடிந்தது. சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். வேறு ஏதோ பேசினோம்.

அதற்குப் பிறகு மனைவி மற்றதையெல்லாம் விட்டாள். தக்காளி விட்டாள். பருப்பு விட்டாள். உருளைக்கிழங்கை ஒரு ராத்திரி ஊறவைத்துத் தின்றவள், அதையும் விட்டாள். கடைசியில் சோறும் மிளகுத் தண்ணியும்தான். அதில் ருசி என்று ஒன்று இருந்தால் அது உப்பு. மிஸ்ஸி குறைக்கச் சொன்ன பிறகும் அந்த ஒரு சிட்டிகையை மட்டும் அவளால் விட முடியவில்லை. நானும் தடுக்கவில்லை. மனுசனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது திங்கள். நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாள்தான் எல்லோருக்கும் கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கால் என்னுது மாதிரி இல்லீங்க."

காடியின் பின் சீட்டில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். ஊசி போட்டார்கள், இன்னொரு ஊசி போட்டார்கள். டாக்டர் சின்ன வயசு. வெளியே வந்து மலாயில் ஒரு நம்பர் சொன்னார். பொட்டாசியம் என்றார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

எடுத்தது திங்கட்கிழமை. வாத்தியார் வரவில்லை. திங்கள் அவருக்கும் டயாலிசிஸ் நாள். அதை விட்டால் அவரும் போகவேண்டியதுதான். யாரும் குறை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு வந்தார். மெலிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு நீலக் கண்ணாடி ஒன்றை எடுத்தார்.

"பழைய ஸ்கூல் லேப்ல கேட்டு வாங்கினேன் அண்ணே. அந்த உப்பு இருக்கா?"

இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன். கரண்டிக் காம்பில் உப்பு எடுத்து நெருப்பில் காட்டினார். மஞ்சள். பிறகு கண்ணாடியைக் கண் முன்னால் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். என்னிடம் கொடுத்தார்.

பார்த்தேன். மஞ்சள் இல்லை. கத்தரிப்பூ கலரில் ஆடிக்கொண்டிருந்தது.

"மஞ்சள் கொஞ்சம் இருந்தாலும் ஊதாவ மூடிரும். அடியில பழைய உப்பு கெடந்திருக்கு. நீலக் கண்ணாடி மஞ்சள தடுக்கும், அது வெச்சுத்தான் பாக்கணும். வருசா வருசம் பிள்ளைங்களுக்குச் சொன்னேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "அன்னைக்கு மறந்துட்டேன் அண்ணே."

மகள் எச்சில் இலைகளை வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். "என்ன சார் பாக்குறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.

"உப்பு," என்றேன்.

"அது நான் அம்மாவுக்கு வாங்கினது. உப்பு கூடாதுன்னு சொன்னாங்கல்ல, அதான் சோடியம் இல்லாததா தேடி வாங்கினேன். வெலை கூட. பரவால்லன்னு."

"நல்லதும்மா. சாருக்குத் தேத்தண்ணி வாங்கிட்டு வா. கீழ கடையில."

அவள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினாள். படியில் சத்தம் குறைகிறவரை வாத்தியார் காத்திருந்தார். அடுப்பை அணைத்தேன்.

"பிள்ளைகிட்ட சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

அவர் தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரில எவ்வளவுன்னு சொன்னாங்க அண்ணே?"

எட்டு புள்ளி ஆறு.