ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பிய கார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் சித்தப்பாவும் சித்தியும் மட்டும்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. ஒன்பது வயதில் நானும் அந்தக் காரை ஓட்டியிருக்கிறேன். சாவி இல்லை, எஞ்சின் ஓடவில்லை, பிரேக்குக்குக் கால் எட்டவில்லை என்பதெல்லாம் சில்லறை விஷயங்கள். வண்டி நகர்ந்தது, ஸ்டியரிங் என் கையில் இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

சித்தப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஒருமுறை லீவில் வந்தபோது யாரோ வைத்திருந்த வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். ஒரு மாதம் எங்களை ஏற்றிக்கொண்டு தாராசுரம், நாகூர், தரங்கம்பாடி என்று சுற்றினார். பிறகு அதை நெல் மூட்டை போடும் கொட்டகையில் விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு விமானம் ஏறிவிட்டார். ஆறு மாதம் கழித்துச் சித்தி ஒருநாள் பானெட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே வைக்கோல் மெத்தையில் ஏழு எலிக்குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டு ஒயர்களைத் தாய் எலி கடித்துத் துப்பியிருந்தது. அன்றைக்குத்தான் சித்தி முடிவு செய்தாள். மறுவாரமே பஸ் ஏறிக் கும்பகோணம் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

லைசென்ஸ் வாங்கிய பிறகு அவள் காரை எடுக்கும் விதமே தனி. முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். நான்கு டயரையும் அழுத்திப் பார்ப்பாள். குனிந்து, தரையில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பாள். பானெட்டைத் திறந்து கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து ஆயில் அளப்பாள். பிறகு தண்ணீர், பிறகு விளக்கு. நான் பின்னால் நின்று, “சிவப்பு எரியுது சித்தி, மஞ்சள் எரியுது சித்தி” என்று கத்த வேண்டும். கடைசியில் எல்லோரும் பெல்ட் போட்டால்தான் சாவியைத் திருகுவாள்.

அப்பாவுக்கு இது வேடிக்கை. “இத்தனை சுத்துக்குப் பெரிய கோயிலைச் சுத்தியிருந்தா புண்ணியமாவது சேர்ந்திருக்கும்” என்பார். உழவுக்கு டிராக்டரையும் ஆளையும் சேர்த்தே வாடகைக்குப் பிடிப்பவர் அவர். தெரிந்ததெல்லாம் மாடும் மொபெட்டும்தான். ஆனால் நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுவருஷம் ஆவணியில் சித்தப்பா வருவதாகத் தகவல் வந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் திருச்சியில் விமானம் இறங்கும். எங்கள் பக்கத்தில் ஏர்போர்ட்டுக்குப் போவதென்றால் வேன் பிடித்துக் குடும்பமே போகும். அப்பாவும் வேனுக்குச் சொல்லிவிட்டார். ராத்திரி சாப்பாட்டின்போது சித்தி மெதுவாகச் சொன்னாள்.

“அத்தான், நானே கார்ல போயி அழைச்சிக்கிட்டு வரேன்.”

அப்பா ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடியே இருந்தார். சித்தியின் முகத்தைப் பார்த்தேன். நாங்கள் பரீட்சை பேப்பர் வாங்கப் போகும்போது அப்படித்தான் இருப்போம். அவள் லைசென்ஸ் வாங்கிய விஷயமே சித்தப்பாவுக்குத் தெரியாது. அவர் கண்ணெதிரே காரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று மாதக்கணக்கில் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒருமுறை நல்லபடியாகப் போய் வந்துவிட்டால் பிறகு யாரும் தடுக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு கீறல் விழுந்தாலும் கார் மறுபடி தார்ப்பாய்க்குள் போய்விடும். இது எனக்கே தெரிந்திருந்தது.

“போம்மா. ஆனா நாங்களும் வருவோம், நேரம் நான் பாத்துச் சொல்லுவேன்” என்றார் அப்பா.

நேரத்தில்தான் சிக்கல் வந்தது. சித்தி ஓட்டும் வேகத்துக்குத் திருச்சி மூன்று மணி நேரம். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். ஏழு மணிக்கே கிளம்புவோம் என்றார் அப்பா. முடியாது என்றாள் சித்தி. ஸ்டெப்னி டயரில் காற்று நிற்கவில்லை என்று பஞ்சர் கடையில் போட்டிருந்தாள், கடைக்காரர் ஏழரைக்குத்தான் வருவார். “நாலு டயரும் நல்லாத்தானம்மா இருக்கு, அஞ்சாவது எதுக்கு?” என்று அப்பா கேட்டுப் பார்த்தார். “நாலுல ஒண்ணு நல்லா இல்லாமப் போனா அதுக்குத்தான் அத்தான்” என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கார் சாவி அவள் கைப்பையில் இருந்தது.

அப்பா வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தார். மணி ஏழு பத்து. அப்போதுதான் அவருக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் அந்த நேரத்துக்குள் தங்கள் பொருள் ஒன்றை வேறு வீட்டிலோ கோயிலிலோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ராகுகாலத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை.

“ஒரு பையைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் கோயில்ல வச்சிட்டு வாங்க” என்றாள் அம்மா.

“பையா திருச்சிக்குப் போவுது? வண்டிதான போவுது? வண்டியத்தான் கொண்டுபோயி வைக்கணும்” என்றார் அப்பா.

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எதிர்வீட்டு மாமாவும், “அண்ணன் சொல்றது நியாயந்தான்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடி துடைப்பதற்காகச் சித்தி, வாசலில் நின்ற காரின் கதவை எனக்குத் திறந்துவிட்டுப் போயிருந்தாள். சாவி இல்லாமல் எப்படி நகர்த்துவது என்று இருவரும் யோசித்தபோது நான் முன்னால் வந்து நின்றேன். கியரை நடுவில் தள்ள வேண்டும், கை பிரேக்கை அமுக்கி இறக்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் ஆயிற்றே. அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் காரைத் தலையில்கூடச் சுமந்திருப்பேன்.

எங்கள் தெரு குடமுருட்டி ஆற்றங்கரை மேட்டிலிருந்து வயல் பக்கமாக இறங்கும். இறக்கத்தின் முடிவில் சாலை வலதுபக்கம் திரும்பும், அங்கேதான் பிள்ளையார் கோயில். திரும்பாமல் நேரே போனால் எங்களுடைய சம்பா நாற்றங்கால். பதினைந்து நாள் பயிர், பச்சைப் பசேலென்று நின்றது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார, முதல் பத்தடிக்கு இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். அடுத்த பத்தடிக்குச் சும்மா கை வைத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு காரைப் பிடிக்க ஓடினார்கள். எனக்கு ஒரே குஷி. பிள்ளையார் கோயில் வந்ததும் ஸ்டியரிங்கை வலதுபக்கம் திருப்பினேன். ‘கடக்’ என்று ஒரு சத்தம். பிறகு அது அசையவே இல்லை. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதை நான் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. பின்னால் அப்பா, “ஹோ, ஹோ” என்று மாட்டை நிறுத்தும் குரலில் காரை அதட்டிக்கொண்டே ஓடி வந்தார். கார் கேட்கவில்லை. பிள்ளையாரைத் தாண்டி, வரப்பில் ஒரு குதி குதித்து, நாற்றங்காலில் மூக்கை நுழைத்து நின்றது. கை பிரேக்கை இழுத்திருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கொக்குகள் எல்லாம் எழுந்து அடுத்த வயலுக்குப் போயின.

மணி ஏழு இருபது. ராகுகாலத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அம்மா ஓடி வந்து என்னைக் காருக்குள்ளிருந்து தூக்கினாள். முகவாய்க்கட்டையில் லேசான வீக்கம் தவிர வேறொன்றுமில்லை. அதற்குள் ஊர் கூடிவிட்டது. யார் தள்ளினார்கள், யார் உள்ளே இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

“நான் அப்பவே சொன்னேன். பொம்பளப் புள்ள கையில சாவியக் குடுத்தா வண்டி வயல்லதான் நிக்கும்” என்றார் பால் சொசைட்டிக்காரர்.

“பிரேக்கப் போடாம நிறுத்திட்டுப் போயிருக்கும்” என்றார் இன்னொருவர்.

எதிர்வீட்டு மாமா வானத்தைப் பார்த்தார், மழை வருமா என்று பார்க்கிறவர் மாதிரி. நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

ஏழே முக்கால் இருக்கும், அந்த நேரம் பார்த்துச் சித்தி ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். கார் இருந்த இடத்தையும் அப்பாவின் வேட்டியில் இருந்த சேற்றையும் பார்த்தாள். ஆனால் முதலில் என்னிடம்தான் வந்தாள். தலையைத் தடவி, தோளை அழுத்தி, கையைக் காலை மடக்கி நீட்டச் சொல்லி, என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“கை பிரேக்கை நீ எடுத்தியா?” என்று காதருகே கேட்டாள்.

தலையாட்டினேன்.

“கால் பிரேக் எட்டலைல்ல?”

“எட்டல சித்தி.”

என் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஊரார் அவள் காதுபடவே இன்னொரு முறை எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா நாற்றைப் பார்த்தார். அவள் டிராக்டர் இருக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள்.

அப்பா மட்டும், “வேனைக் கூப்பிட்டுரலாமா?” என்று பலவீனமாகக் கேட்டார்.

“கார்தான் போவுது அத்தான்” என்றாள் சித்தி.

எட்டே காலுக்குக் கயிறு கட்டி இழுத்துக் கார் மேலே வந்தது. அப்புறம்தான் சித்தியின் வேலையே ஆரம்பித்தது. சாக்கை விரித்துப் படுத்துக் காரின் அடிவயிறு முழுவதையும் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆயில் சொட்டவில்லை. முன்பக்கச் சல்லடையில் அப்பியிருந்த சேற்றை நாற்றோடு சேர்த்து வழித்தாள். சக்கரங்களுக்குள் ஓஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தாள். பிறகு தெருவில் மேலும் கீழுமாக மூன்று தடவை மெதுவாக ஓட்டி, அடிக்கொரு தரம் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள்.

“நேரம் ஆவுதேம்மா. ஓடுதில்ல, போதாதா?” என்றார் அப்பா.

“ஓடுறது பெருசில்ல அத்தான். நிக்கணும். நிக்கிற வண்டியத்தான் நான் ஓட்டுவேன்.”

அப்பா போய் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் கிளம்பும்போது மணி எட்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் ராகுகாலமே முடிந்துவிடும். அதைச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

அந்தப் பயணத்தைப்போல் ஒரு பயணம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. அம்மா புளியோதரைப் பொட்டலத்தைப் பாபநாசத்திலேயே பிரித்துவிட்டாள். சாலையில் பாதியை அடைத்துக் குறுவை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். நெல்லின் மேல் டயர் ஏறினால் வழுக்கும் என்று சித்தி ஒவ்வொரு இடத்திலும் வேகத்தைக் குறைத்து, எதிரில் வருகிறவர்களுக்கு வழிவிட்டு நின்று பிறகு போனாள். பஸ்காரர்கள் பின்னால் நின்று ஹாரனாலேயே எங்களைத் திட்டினார்கள். அவள் சட்டை செய்யவில்லை. முன்சீட்டில் அப்பா, இல்லாத பிரேக்கைத் தஞ்சாவூர் வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தார். வல்லம் தாண்டியதும் மிதிப்பதை விட்டுவிட்டார். செங்கிப்பட்டியில் தூங்கியே விட்டார், லேசான குறட்டையோடு.

துவாக்குடி அருகே சித்தியின் போன் அடித்தது. யாருடைய நம்பரோ. விமானம் இறங்கியிருக்கும் நேரம், சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும். சித்தி எடுக்கவில்லை. அவள் காது மடல் சிவந்துபோனதைப் பின்சீட்டிலிருந்தே பார்த்தேன். ஒரு வருஷமாகக் காத்திருந்த குரல். “அத்தான், நீங்க எடுங்க. வண்டி ஓட்டும்போது நான் பேசுறதில்ல” என்றாள். அப்பா விழித்துக்கொண்டு எடுத்து, “வந்துக்கிட்டே இருக்கோம்டா” என்று மட்டும் சொன்னார்.

ஏர்போர்ட் வாசலில் சித்தப்பா இரண்டு பெட்டிகளோடு நின்றிருந்தார். சித்தி அவர் எதிரே காரைக் கொண்டுபோய் நிறுத்தி இறங்கினாள். அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பம்பரில் இரண்டு மூன்று நாற்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன இது, கார் நடவுக்குப் போயிருந்துச்சா?”

“வர்ற வழியில கொஞ்சம் சேறு” என்றாள் சித்தி.

சித்தப்பா சாவிக்குக் கையை நீட்டினார். ஓட்டிப் பழகிய ஆள், சொந்தக் கார், நீட்டாமல் என்ன செய்வார். சித்தி சாவியைக் கொடுக்கப் போனாள். அப்போது அப்பா குறுக்கே வந்தார்.

“இருடா. அந்தப் புள்ளையே ஓட்டட்டும். வழியிலயும் இல்ல, கொஞ்சமும் இல்ல. நம்ம நாத்தங்கால்ல வண்டியத் தள்ளி இறக்கினவன் நான். அப்ப அது வீட்டுலயே இல்ல. ஊர்ல எல்லாரும் இந்தப் புள்ளையத்தான் குத்தம் சொன்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்.”

சித்தப்பா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அப்பா பெட்டிகளைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு, எங்களோடு பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். என் ஜன்னலோரம் போயிற்று. யாரும் கேட்காத விஷயத்தை, ஊரார் ஒருவரும் இல்லாத இடத்தில் எதற்காக இவர் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. சொல்வதாக இருந்தால் காலையிலேயே சொல்லியிருக்கலாமே.

சித்தி கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட்டைப் போட்டாள், சாவியைத் திருகினாள். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. காவலாளி விசில் ஊதிக் கையை ஆட்டினார். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், பார்வை நன்றாகத் தெளியும் வரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாற்றங்காலில் அத்தனை பேர் பேசியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள்.

நான் அம்மாவின் காதில் சொன்னேன்: “சித்தப்பா வந்துட்டாங்கன்னு சித்திக்கு ஒரே சந்தோஷம்மா.”

“ஆமா” என்றாள் அம்மா. நான் அதை அப்படியே நம்பினேன்.