நாற்றுக்காரம்மாவின் பட்டினிச் செடிகள்

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. நாற்றுக்காரம்மா தன் வீட்டுக்காரரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் பகல் முழுக்க வெயிலில் நிறுத்தினாராம். அன்றைக்கு அடங்கியவர்தான், இன்றுவரை வாயைத் திறப்பதில்லையாம். முடிதிருத்தும் கடையில் இதற்குத் தினமும் புதுசாகக் கை, கால் முளைக்கிறது. நான் அவர்களுக்கு அடுத்த வீடு. நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்றுக்காரம்மா முதலில் காய்கறிச் சந்தையில் தக்காளி தரம் பிரித்தவர். சொத்தையைப் பொறுக்கிப் பொறுக்கி, கோளாறே நாற்றில்தான் என்று முடிவுக்கு வந்தார். வேலையை விட்டார். வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக் கொட்டகை போட்டு, குழித்தட்டுகளில் விதை ஊன்றினார். அப்போது அவரவர் நாற்றை அவரவரே வளர்த்துக்கொள்வதுதான் வழக்கம்.

"நாத்தை விலைக்கு வாங்கணுமா? நாளைக்கு நிழலையும் மூட்டை கட்டி வித்துருவா!" என்று சிரித்தார்கள்.

ஒரே ஒரு விவசாயி மட்டும் வயல் முழுக்க நடுவதற்குச் சொல்லிவைத்தார். அவர் உதட்டைப் பிதுக்கினால் தீர்ந்தது. அப்புறம் ஒருவரும் வாசலை மிதிக்கமாட்டார்கள்.

நாற்றைக் கொடுப்பதற்கு முந்தின வாரம் வலையை விலக்கி, தண்ணீரைக் குறைத்து வாட்டவேண்டும். அப்போதுதான் தண்டு முறுக்கேறும். அப்படி வாடவிட்டுவிட்டு அம்மா குழித்தட்டு வாங்க வெளியூர் போனார். வீட்டுக்காரரோ பூனை பசியில் கத்தினாலே தன் தட்டை நகர்த்திவிடுகிற ஆள். மனசு கேட்கவில்லை. ரப்பர் குழாயை இழுத்துவந்து தினமும் ரகசியமாகத் தண்ணீர் காட்டினார். குழாய் பாதிக் கொட்டகைவரைதான் எட்டியது.

அம்மா திரும்பி வந்து பார்த்தால், ஒரு பாதி தளதளவென்று புதுமாப்பிள்ளை மாதிரி; மறுபாதி எலும்பும் தோலும். கூடவே விவசாயியும் வந்து நிற்கிறார்.

"இது பச்சைப்பசேல்னு இருக்கே, இதையே கொடும்மா."

"அண்ணே, அது வெயில் தாங்காது. மெலிஞ்சதை எடுத்துக்குங்க."

"பட்டினி கிடந்ததை என் தலையில கட்டப் பாக்குறியா?"

அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"சரிண்ணே, ரெண்டையும் நடுங்க. தனித்தனி வரிசையா. சாஞ்சதுக்கெல்லாம் வேற நாத்து நான் தர்றேன்."

நட்ட மறுநாளே புதுமாப்பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். பட்டினிச் செடிகள் விறைப்பாக நின்றன. வயல் சாலையோரம், போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். விளம்பரப் பலகை வைத்திருந்தாலும் இப்படி வாய்த்திருக்காது. விவசாயியே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்று அந்தச் சாலை நெடுக நாற்றுப்பண்ணைகள். பாதிப் பேர் அம்மாவிடம் தொழில் பழகியவர்கள். வாட்டுகிற வாரம் வந்தால், எல்லாப் பண்ணையிலும் குழாயின் திருகைக் கழற்றி முதலாளி இடுப்பில் செருகிக்கொள்வார். இளகின மனசுக்காரர்கள் எந்த வீட்டில்தான் இல்லை!

போன வாரம் அம்மாவிடமே அந்த வெயில் சங்கதியைக் கேட்டுவிட்டேன்.

"நான் எங்க தம்பி நிறுத்தினேன்? செடி சாஞ்சதும் இவருதான் குடையைத் தூக்கிட்டு வயலுக்கு ஓடினாரு. குடை செடிக்கு, வெயில் இவருக்கு. வரப்புல நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை போச்சு. ஒரு வாயாவது குடிங்கன்னு சொம்பை நீட்டுனா, அதையும் செடிக்கே ஊத்திட்டாரு!"